கன்டெய்னரின் வலது பக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்துக் காற்றில் எல்லார் தலையும் பரட்டையாகிவிடும். சிவப்பிரகாஷின் தலை மட்டும் கலையாது. அவன்மேல் எனக்கு முதலில் எரிச்சல் வந்ததே அதில்தான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எரிச்சலுக்கும் ஒரு ஆரம்பம் வேண்டாமா?

என் பெயர் கிளாடிஸ். உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிற ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கதிர்வீச்சுக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவள். எங்களிடம் ஒரு ஜெர்மானியம் டிடெக்டர் உண்டு. மகாராணி என்று பெயர் வைத்திருக்கிறோம். திரவ நைட்ரஜன் ஊற்றி எப்போதும் கடுங்குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சூடு ஏறினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நைட்ரஜன் லாரி புதுக்கோட்டையில் பஞ்சராகி நின்றால் எனக்கு இங்கே வியர்த்துக் கொட்டும். உப்புக்காற்று வேறு அவளுடைய கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே இருக்கும். நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். அப்படியும் போன மழைக்காலத்தில் கம்பெனிக்கே அனுப்பி ரிப்பேர் பார்த்து வாங்கினோம்.

காமா கதிர் எவ்வளவு வருகிறது என்று சொல்ல ஆயிரம் கருவி கிடைக்கும். எங்கேயிருந்து வருகிறது என்று சொல்வதுதான் மகாராணியின் வேலை. உள்ளே இருப்பது ஒரு சின்னச் செம்பு அளவு படிகம். அதன் வெளிப்புறத்தைச் சுற்றிலும் ஆறு பங்காகவும் நீளவாக்கில் ஆறு பங்காகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வயர் கொடுத்திருப்பார்கள். காமா விழுந்த துண்டு சிக்னல் கொடுக்கும். பக்கத்துத் துண்டுகளுக்கு அதில் பங்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவை ஒரு கணம் துள்ளி அடங்கும். பக்கத்து வீட்டில் சண்டை வந்தால் நம் வீட்டு ஜன்னல் திறக்குமே, அந்த மாதிரி. எந்தப் பக்கத்து ஜன்னல் எவ்வளவு திறந்தது என்று பார்த்தே, சண்டை கூடத்திலா குசினியிலா என்று சொல்லிவிடலாம். ஒரே கதிர் படிகத்துக்குள் இரண்டு இடத்தில் முட்டினால், அந்த இரண்டு இடத்தையும் வைத்து அது வந்த திசையைத் திருப்பிக் கணக்குப் போடலாம்.

ஆனால் எந்தத் துள்ளலுக்கு எந்த இடம் என்று முதலில் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டுமே. ஊசி மாதிரி மெல்லிய கதிரைப் படிகத்தின்மேல் புள்ளி புள்ளியாக அடித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தத் துண்டு எப்படித் துள்ளுகிறது என்று பதிய வேண்டுமே. அந்த யாராவது நான்தான். கழுத்துப் பிடித்து, கண் பூத்து, அப்பாவின் வருச நினைவுப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய கையோடு ஓடிவந்து போட்டேன் அந்த மேப்பை. அது இல்லாவிட்டால் மகாராணிக்குக் கண் தெரியாது.

அப்புறம் வந்தான் சிவப்பிரகாஷ், விளாத்திகுளத்துக்காரன். நோகாமல் நுங்கு தின்ன வந்தவன். என் மேப்பை எடுத்தான், ஒரு புரோகிராம் எழுதினான். கதிர் வருகிற இடம் திரையில் சிவப்பாகத் தெரிந்தது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அது ‘சிவா கேமரா’ ஆகிவிட்டது. கேமராவாம்! டீ வாங்கி வருகிறவர்கூட “சிவா சார் கேமராவ ஒருக்கா காட்டுங்க” என்கிறார். அவனும் தலையைத் தடவிக்கொண்டு காட்டுவான். மகாராணிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். நான் துடைத்த கனெக்டர்கள் அதில் பளபளவென்று தெரியும்.

“கிளாடிஸ் அக்கா, இன்னைக்கு என்ன மீனு?” என்று என் சாப்பாட்டு டப்பாவை அவனே திறப்பான். அதுவும் எரியும். வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, உண்மையிலேயே எரிகிறது, மேல்வயிற்றில், வலது ஓரமாக. டாக்டரிடம் காட்டி மாத்திரைகூட வாங்கினேன்.

இந்த வருடம் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. நானும் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு இருக்கிறவள், அவனும் அப்படித்தான். யாருக்கு என்று முடிவு செய்கிறவர் எங்கள் தலைவர் சங்கரபாண்டியன் சார். அந்த வேலை எனக்கு வர வேண்டும் என்று பனிமய மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றினேன். அவனுக்கு வரக்கூடாது என்று இன்னொன்றும் ஏற்றினேன். மாதா எதைக் கேட்டாளோ.

திங்கட்கிழமைக் கூட்டங்களில் அவன் பேசத் தொடங்கிய பிறகு நான் போவதை நிறுத்திவிட்டேன். சார் கேட்டால், “மகாராணிக்கு நைட்ரஜன் ஊத்தணும் சார்” என்பேன். நைட்ரஜன் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பழைய இரும்பு ஏற்றி வந்த ஒரு கன்டெய்னர் வாசலைத் தாண்டும்போது கதிர்வீச்சு மணி அடித்துவிட்டது. எங்கோ ஒரு தொழிற்சாலைக் கருவிக்குள் இருந்த, கதிர் வீசுகிற சீசியத் துண்டு கேட்பாரற்று இரும்போடு இரும்பாக ஏறி வந்திருக்கிறது. இப்படிப்பட்டதை நாங்கள் சோர்ஸ் என்போம். உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இரும்பைக் கிளற முடியாது. உங்கள் கேமராவைக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

“நல்லா பண்ணிட்டா மேலிடத்துல நான் தைரியமாப் பேசலாம்” என்றார் சங்கரபாண்டியன் சார். சொல்லும்போது அவர் பார்த்தது சிவப்பிரகாஷை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கன்டெய்னரைத் துறைமுகத்தில் ஒரு காலி யார்டில் தனியாக வைத்துக் கயிறு கட்டியிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் நின்றார். இரும்பை அள்ளுவதற்கு நீளக் கை வைத்த ஹிட்டாச்சி வண்டியோடு சுடலைக்கண்ணன் அண்ணன் வந்திருந்தார். அந்த வண்டிக்குக் கீழே நின்று கைகாட்டுகிற வேலை என் தம்பி ஜெனோவுக்கு. அப்பா போனபிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். வேறு யாரும் இல்லை. மதியச் சாப்பாடு பெரும்பாலும் அவனுக்குச் சுடலைக்கண்ணன் டிபன் கேரியரில்தான்.

“யக்கா, உன் மகாராணிய வெளிய கூட்டிட்டு வந்துட்டியே!” என்று ஜெனோ சிரித்தான். எல்லாருடைய சட்டையிலும் ஒரு சின்ன மீட்டர் மாட்டியிருந்தார்கள். கதிர் அளவு கூடினால் அது கத்தும். அவன் அதை மெடல் மாதிரி நிமிர்த்திக் காட்டினான்.

கதவுக்கு எதிரே மகாராணியை இறக்கி வைத்தோம். கேபிளெல்லாம் மாட்டியது நான். சிவப்பிரகாஷ் வேனுக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். தண்ணீர் பாட்டில் எடுக்க எட்டியபோது திரையைப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுற்றிலும் இருக்கிற ஆறு பங்குகளுக்கும் பெயர் உண்டு: ஏ, பி, சி, டி, இ, எஃப். என் மேப்பில் அந்த வரிசைதான். அவன் போட்டிருந்தது ஏ, எஃப், இ, டி, சி, பி. தலைகீழ்! இந்த வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. படிகத்தை முன்னாலிருந்து பார்த்து எண்ணினால் ஒரு சுற்று, வயர் வருகிற பின்பக்கத்திலிருந்து பார்த்து எண்ணினால் எதிர்ச் சுற்று. தயாரித்த கம்பெனி பின்னாலிருந்து எண்ணிப் படம் போட்டிருக்கும். நான் முன்னாலிருந்து எண்ணினேன். பயல் கம்பெனிப் படத்தை நம்பி வரிசையைத் திருப்பிவிட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் திருப்பினால் படத்தில் இடது வலதாகும், வலது இடதாகும்.

என்ன சந்தோஷம் வந்தது தெரியுமா! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வருடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேறெதிலும் வரவில்லை. மாட்டினான். கலையாத தலையோடு இத்தனை பேர் முன்னால் மூக்குடைபடப் போகிறான். ஒரு சின்ன சோர்ஸை மகாராணியின் ஒரு பக்கமாகக் காட்டியிருந்தால் வரிசை சரியா தப்பா என்று உடனே தெரிந்திருக்கும். என் பையிலேயே அது இருந்தது. நான் எடுக்கவில்லை. எனக்கு எதைச் சோதிக்க வேண்டும்? எனக்குத்தான் தெரியுமே.

படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கதவைப் பார்த்து நின்றால் வலது ஓரத்தில், நெஞ்சு உயரத்தில் சிவப்பு.

“வலது பக்கம் இருக்கு சார்” என்றான் சிவப்பிரகாஷ்.

அதிகாரி தன் கைமீட்டரைப் பார்த்தார். “இடதுலதானேப்பா எனக்குக் கூடக் காட்டுது?”

என் காதில் மாதா கோயில் மணி அடித்தது. கைமீட்டரும் என் பக்கம்!

“அது இரும்புல பட்டுச் சிதறி வாரது சார்” என்றான் அவன், அசராமல். “வலதுல கனமான இரும்பு ஏதோ அத மறைச்சிக்கிட்டு இருக்கு. சிதறாம நேரா வாரத மட்டும் பிரிச்சுப் பாத்தா வலதுதான். நீங்க இடது ஓரத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா எடுக்கச் சொல்லுங்க. வலதத் தொடாதீங்க. ஆளுங்க எல்லாரும் இடது பக்கமே நிக்கட்டும்.”

வெளியே இருந்த அளவு பயப்படுகிற மாதிரி இல்லை. மறைத்திருக்கிற இரும்பு விலகினால் என்ன ஆகும் என்பதுதான் பயம். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். சுடலைக்கண்ணன் வண்டியைக் கதவுக்கு இடது ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜெனோ அதற்கு முன்னால், இடது பக்கத்தில் சுண்ணாம்பால் போட்டிருந்த கட்டத்துக்குள் போய் நின்றான்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். தெரியும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? “அய்யோ, தேங்க்ஸ்க்கா” என்பான். வரிசையை மாற்றுவான். படம் சரியாகும். எல்லாரும் கை கொடுப்பார்கள், அவனுக்கு. வேலையும் அவனுக்கு. என் மேப், என் கழுத்துவலி, என் கனெக்டர், கடைசியில் என் வாய், எல்லாம் சேர்ந்து அவனுக்கு மாலை போடவா? போங்கள்.

நானும் யோசிக்காமல் இல்லை. இடது பக்கம் கிளறும்போது சோர்ஸ் வெளியே தெரியும், மீட்டர் கத்தும், எல்லாரும் ஓடிவிடுவார்கள், உடம்பில் கொஞ்சம் கதிர் டோஸ் விழும், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். கொஞ்சம்தானே. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. சிவப்பிரகாஷுக்கு மட்டும் ஆகும்.

வண்டி உறும ஆரம்பித்தது. ஜெனோ கையைத் தூக்கினான். அவன் கழுத்து வெயிலில் வேர்த்திருந்ததைப் பார்த்தேன். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. கயிற்றோரமாகப் போனேன். அதிகாரி போனில் இருந்தார், சிவப்பிரகாஷ் வேனுக்குள் இருந்தான்.

“ஏலே ஜெனோ! அங்கன நிக்காத. வலது பக்கமாப் போயி நில்லு.”

“சார் இங்கனதானே நிக்கச் சொன்னாரு?”

“நான் சொல்லுதேன்ல. கேள்வி கேக்காம போ.”

அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்த்துக் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது, அக்கா சொன்னால் சரி. கட்டத்தை விட்டு வெளியே வந்து, வண்டிக்கு முன்னால் குறுக்காக நடந்து, கன்டெய்னரின் வலது சுவரை ஒட்டி, திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றான். “இங்க இருந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியுதுண்ணே!” என்று சுடலைக்கண்ணனைப் பார்த்துக் கத்தினான். அவரும் தலையாட்டினார்.

நான் மூச்சு விட்டேன்.

முதல் கை இரும்பு வந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவது வந்தது. ஒன்றுமில்லை. எனக்குச் சந்தேகம் தட்டவில்லை, பொறுமைதான் போனது. கத்தேன், கத்தித் தொலையேன் என்று சுடலைக்கண்ணன் சட்டையில் இருந்த மீட்டரை மனசுக்குள் ஏவிக்கொண்டிருந்தேன். மாதாவே, நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் பாருங்கள்.

மூன்றாவது கை இழுத்தபோது இடது பக்கம் பள்ளம் விழுந்து, வலது பக்கத்துக் குவியல் அதற்குள் சரிந்தது. ஒரு பெரிய இன்ஜின் கட்டை உருண்டு நடுவில் விழுந்தது. வலது சுவருக்கும் கதவுக்கும் இடையில் அதுவரை மறைந்திருந்த இடம் திறந்தது. உடனே மீட்டர் கத்தியது.

ஜெனோவுடையது.

விட்டுவிட்டு அடிக்கவில்லை, ஒரே இழுப்பாகக் கத்தியது. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தான். அக்கா வலது பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறாளே, நகரலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

வேனிலிருந்து குதித்து ஓடியவன் சிவப்பிரகாஷ். கயிற்றைத் தாண்டிப் போய் ஜெனோவின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். யார்டின் அந்தக் கோடிக்கு வந்த பிறகுதான் விட்டான். அப்போது அவன் தலைமுடி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

“ஒங்கள யாரு அங்கன போகச் சொன்னது?” என்று ஜெனோவைப் பிடித்து உலுக்கினான். “வலதுல இருக்குன்னு தொண்ட கிழியச் சொன்னேன்லா?”

ஜெனோ என்னைப் பார்த்தான். “யாரும் சொல்லல சார். நானாத்தான் போனேன். அங்க இருந்து பாத்தா நல்லாத் தெரிஞ்சுது.”

முதலுதவி அறையில் ரத்தம் எடுத்தார்கள். மீட்டர் காட்டிய அளவைப் பார்த்துவிட்டு டாக்டர், “கொஞ்சம் கூடத்தான் வாங்கியிருக்காரு. பயப்படுற அளவு இல்ல. திரும்பத் திரும்ப ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கரபாண்டியன் சாரிடம் சிவப்பிரகாஷ் போனில் பேசிக்கொண்டிருந்தான். சோர்ஸை ஈயப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்களாம். “சரியா காட்டுச்சு சார். நம்ம கேமராவா? அக்கா போட்ட மேப் இல்லன்னா அது குருடு சார், அத மேலிடத்துல சொல்லுங்க” என்றான். ஜெனோ கட்டிலில் படுத்திருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அந்த ஒரே கேள்விதான் மண்டைக்குள் சுற்றியது. அவன் போனை வைத்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“வரிசை தலைகீழால்ல இருந்துச்சு?”

“ஆமாக்கா. மழக்காலத்துல வாக்குவம் போயி ரிப்பேருக்கு அனுப்புனோம்லா? கம்பெனிக்காரன் திருப்பி மாட்டும்போது உள்ள இருக்குற வயர அவன் வரிசையில மாட்டிட்டான். சோர்ஸ வச்சு செக் பண்ணித்தான் நான் திருப்புனேன். திங்கட்கெழம கூட்டத்துலகூடச் சொன்னேனே.” தலையைத் தடவப் போன கை பாதியில் நின்றது. “நீங்க எப்பப் பாத்தீங்க?”

“காலைல. வேன்ல.”

“இரும்பு எடுக்கறதுக்கு முன்னாலயா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தப்புன்னு நெனச்சீங்களா? நெனச்சுட்டு ஏன்க்கா…” என்னைப் பார்த்தான், கட்டிலில் கிடந்த ஜெனோவைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “டீ சொல்லிட்டு வாரேன்” என்று வெளியே போய்விட்டான்.

ஜெனோ எழுந்து உட்கார்ந்தான். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான்.

“சோர்ஸ் இடது பக்கம் இருக்குன்னு நெனச்சியாக்கா?”

“ஆமாலே.”

“அதான் என்னைய வலது பக்கம் போகச் சொன்னியா?”

“ஒனக்கு ஒண்ணும் ஆகிறக்கூடாதுன்னுதான்டா. கைமீட்டரும் இடதுன்னுதான் காட்டுச்சு. ஆண்டவரு சாட்சியா, ஒனக்காகத்தான்…”

“சுடலைண்ணன் இடது பக்கந்தானே இருந்தாரு?”

நான் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

“அவருகிட்ட ஏன்க்கா சொல்லல?”

“அது பெரிய டோஸ் ஒண்ணும் இல்லலே. மீட்டர் கத்துன உடனே எறங்கி ஓடியிருப்பாரு. கொஞ்சந்தான் விழுந்திருக்கும். ஒண்ணும் ஆயிருக்காது” என்றேன். இதைச் சொல்லும்போதுகூட அது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஜெனோ பஞ்சை எடுத்துப் பார்த்தான். ரத்தம் நின்றிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான். வெளியே சுடலைக்கண்ணன் பைக்கின் ஹாரனை அடித்து, “தம்பி, வீட்டுல விட்டுருதேன், வா” என்று கூப்பிட்டார். என் ஸ்கூட்டர் சாவி என் கையில்தான் இருந்தது. அதை ஜெனோவும் பார்த்தான்.

“அந்தக் கொஞ்சம் எனக்கு ஆகாதுன்னுதானேக்கா என்னைய மட்டும் கூப்பிட்ட?” என்று கேட்டுவிட்டு, அவன் போய்ச் சுடலைக்கண்ணனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டான்.